படகுக்கு அக்கா பேர்

சின்னமேட்டுக்குப்பத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஆம்புலன்ஸுக்குப் போன் போவது இரண்டாவது வேலை. முதலில் ஒரு ஆள் பூவாயி வீட்டுக்கு ஓடும். "யக்கா, கெளம்பு" என்று சொன்னால் போதும். யாருக்கு, என்ன, எத்தனை நாள் என்று ஒரு கேள்வி வராது. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சிவப்பு ஒயர் கூடை எப்போதும் தயாராகத் தொங்கும். உள்ளே ஒரு தட்டு, டம்ளர், பிளாஸ்க், பழைய போர்வை, சோப்பு, சீப்பு, பனையோலை விசிறி. அடுப்பில் குழம்பு கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூவாயி வண்டியில் ஏறிவிடுவாள். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த ஆள் நடந்து வெளியே வரும்வரை அவளும் வெளியே வரமாட்டாள்.

சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளா அவள்? "கஞ்சி குடிக்கறியா, இல்ல மூஞ்சில ஊத்தட்டா?" என்பாள். குடிக்காமல் இருக்க எவனுக்குத் தைரியம் வரும்! எக்ஸ்ரே எந்தப் பக்கம், ரத்தம் எங்கே கொடுப்பது, எந்த டாக்டரம்மா சிரித்துப் பேசும், எந்த ஆயாவுக்கு மூட்டுவலி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பக்கத்துப் படுக்கையில் துணைக்கு ஆளில்லாத கிழவன் யாராவது கிடந்தால் அவனுக்கும் சேர்த்து வெந்நீர் வாங்கி வருவாள். "எங்க அண்ணிக்கு செங்கல்பட்டுலதான் மாமியா வூடு" என்று அவளுடைய தம்பி பெண்டாட்டி ஷீலா கேலி செய்வாள். "ஆமாண்டி, மாமியா இல்லாத மாமியா வூடு, நிம்மதியா கீது" என்று பூவாயி திருப்பிக் கொடுப்பாள்.

அந்தத் தம்பிதான் தேவா. அக்கா இறந்த ஏழாவது மாதத்தில் படகுக்கு அவள் பேரை வைக்கப் போய் ஊரோடு முட்டிக்கொண்டவன்.

தேவாவுக்கும் பூவாயிக்கும் பதினாறு வயது வித்தியாசம். அம்மா அப்பா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். பூவாயிக்கு இருபத்து நாலு வயதில், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. மறுவருஷம் ஒன்பது வயதுத் தேவாவுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டில் பத்தொன்பது நாள் அவள் ஒருத்தியாகத்தான் கிடந்தாள். மருந்து வாங்கப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, பிள்ளையைப் பார்த்தால் மருந்து வாங்க ஆளில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் எத்தனையோ பொழுது ஓட்டினாள். தேவா பிழைத்தான். அவனை இடுப்பில் சுமந்துகொண்டு குப்பத்துக்குள் வந்த அன்றைக்கே தெருவில் நின்று சொன்னாள்: "நம்ம ஊர்லருந்து இனிமே எவனும் அங்க தனியா போய்ப் படுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அப்படிச் சொன்னவள் முப்பத்தாறு வருஷம் அந்தப் பேச்சைக் காப்பாற்றினாள். காலையில் மீன் கூடையோடு பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு மார்க்கெட்டில் விற்றுவிட்டு, ஊர் ஆள் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் நேரே அங்கே போய்விடுவாள். அவள் கை படாத வீடு குப்பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, சர்க்கரைக் கால், அவ்வளவு ஏன், பூச்சிமருந்து குடித்த இரண்டு பேரைத் திட்டித் திட்டியே பிழைக்க வைத்தாள்.

ஆனால் இதே ஊரில் அவளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. விடியற்காலையில் ஆண்கள் கடலுக்குப் புறப்படும்போது பூவாயி வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும். கடைசிப் படகு அலை தாண்டின சத்தம் கேட்ட பிறகுதான் திறக்கும். தண்ணீரில் புருஷனை விட்டவள் எதிரே வந்தால் தொழில் விளங்காது என்று ஒரு எண்ணம். அவளிடம் யாரும் நேரில் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டாம் என்று அவளே கதவைச் சாத்திக்கொண்டாள். தேவா அந்தச் சாத்தின கதவைப் பார்த்தே வளர்ந்தவன். அதனால் அதில் ஒரு தப்பும் அவன் கண்ணுக்குப் படவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் முதல் ஃபைபர் படகை வாங்கினான். அதற்கு முக்கால்வாசி பூவாயி மீன் விற்ற காசு. தண்ணீரில் இறக்கும் அன்று பூசைக்கு எல்லாம் தயார். பூவாயியும் புதுப் புடவை கட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். தேவா அவளைப் பார்த்தான். "யக்கா, நீ கொஞ்சம்…" என்று இழுத்தான். முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை அவள். "எனக்குத் தெரியாதா? நான் சவுக்குத் தோப்பாண்ட நின்னுக்கறேன். நீ பூசைய பாரு நைனா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மரத்துக்குப் பின்னால் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

அந்தத் தலைப்புத்தான் இப்போது தேவாவைத் தூங்கவிடவில்லை.

தை மாதம் ஒரு மத்தியானம் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தவள், "ஷீலா, மாரு ஒரு மாதிரி அடைக்குதுடி" என்று சுவரில் சாய்ந்தாள். வண்டி பறந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஊருக்கே துணையிருந்தவள், தனக்குத் துணையிருக்க யாருக்கும் ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. சிவப்புக் கூடை ஷீலாவின் மடியில் பிரிக்காமலே திரும்பி வந்தது. ஷீலா அதைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். சாவுக்கு மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கரையோரக் குப்பங்களெல்லாம் திரண்டு வந்தன. ஊர்த் தலைவர் சின்னையன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பழைய படகு புயலில் உடைந்து போயிருந்தது. புதுப் படகு ஆடி மாதம் வந்து கரையில் நின்றது. ஆவணி முதல் வெள்ளி இறக்குவதாக ஏற்பாடு. பேர் எழுதும் சுப்பிரமணி பிரஷ்ஷோடு வந்து, "இன்னா பேரு அண்ணாத்த?" என்று கேட்டான். "பூவாயி" என்றான் தேவா. அவ்வளவுதான், அன்று சாயங்காலமே கங்கையம்மன் கோயில் கொட்டகைக்குக் கூப்பிட்டு விட்டார்கள்.

"தேவா, ஒங்க அக்கா தெய்வம்யா. யாரு இல்லன்றது?" என்று ஆரம்பித்தார் சின்னையன். "ஆனா போட்டுக்கு அந்தப் பேரு வாணாம். தண்ணில புருசன வுட்டவ பேர எழுதி தண்ணிலயே எறக்குவியா? கங்கையம்மா பேரு வை. ஒன் பொண்ணு பேரு வை. எது வோணாலும் வை."

"பேரு அதான்" என்றான் தேவா.

"ரோசத்துல பேசாத. அது ஒன் போட்டு மட்டும் இல்ல. அதுல ஏறுற நாலு பேரு வூட்லயும் தாலி கீது."

"பேரு அதான் தலைவரே."

சின்னையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எழுதிக்க. அப்பால தள்றதுக்கு ஆளு நீயே தேடிக்க."

டிராக்டரை வைத்துத் தள்ளினால் போகாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். மற்ற நாளில் போகும். முதல் தடவை மட்டும் ஊர்க்கை பட்டுத்தான் படகு இறங்க வேண்டும். ஊர்க்கை படாத படகுக்குத் தொழில் ஆள் எவனும் வரமாட்டான், அதன் மீனை ஏலத்தில் எவனும் முதலில் கேட்கமாட்டான். ஆக, பேரை மாற்றாவிட்டால் அந்தப் படகு மணலிலேயே கிடந்து வெயிலில் வெடிக்கும். பேரை மாற்றினால் அக்கா இன்னொரு தடவை தோப்புக்குப் பின்னால் போவாள். தேவா கையைப் பிசைந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஷீலாவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி பொரிந்து தள்ளினாள். "அவ கையால கஞ்சி குடிக்கச் சொல்ல இனிச்சுதா? அப்ப அவ மூஞ்சி நல்ல மூஞ்சியா இருந்துச்சா? பேரு மட்டும் ஆவாதா?" படகு தள்ள வரேன் என்று யாரும் சொல்லவில்லை. தேவாவோடு தொழில் செய்யும் ஆனந்தன் மட்டும் வந்து நின்றான். "மச்சான், நான் கீறேன். ஆனா நம்ம ரெண்டு பேரு தள்ளி அது ஒரு சாண் நகருமா?" என்றான்.

தேவா சுப்பிரமணியைக் கூப்பிட்டு, "எழுது" என்று மட்டும் சொன்னான். படகின் இரண்டு பக்கமும், மூக்கை ஒட்டி, நீலத்தில் வெள்ளை எழுத்தாக எழுதி, வழக்கப்படி பூசை வரைக்கும் பழைய பேப்பர் ஒட்டி மூடி வைத்தார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஷீலா வாசலில் வலைக் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தேவா மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். தெருக்கோடியிலிருந்து செருப்புக்கூட இல்லாமல் ஒரு ஆள், ஒரு காலைத் தாங்கித் தாங்கி ஓடி வந்தது. சின்னையன்! வேட்டி அவிழ்ந்து தொங்குவதுகூடத் தெரியவில்லை அவருக்கு. நேரே வாசலில் வந்து நின்று, உள்ளே பார்த்துக் கத்தினார்:

"யக்கா! பூவாயக்கா! எம் பொண்ணு துர்காவுக்கு நோவு எடுத்துக்கிச்சு, பனிக்கொடம் ஒடஞ்சு போச்சு! எட்டு மாசந்தான் ஆவுது! கூடைய எடுத்துகினு வாக்கா, சீக்கிரம்!"

தெருவே அப்படியே நின்றது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை. தான் என்ன கத்தினோம் என்பது சின்னையனுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. உள்ளே சுவரில், மாலை போட்ட படத்தில், பூவாயி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதன் அப்படியே வாசல் மண்ணில் குந்திவிட்டார். "எவ கீறா இனிமே… எவ கீறா…" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தேவாவுக்கு ஒரு நொடி குரூரமாக ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. 'பேரு ஆவாது, ஆளு மட்டும் வோணுமா?' அதை அவன் சொல்லவில்லை. அக்கா இருந்திருந்தால் இந்த நேரம் வண்டியில் ஏறியிருப்பாள்.

அவனுக்கு முன்னால் ஷீலா எழுந்துவிட்டாள். குழாயடியில் அத்தனை பேச்சுப் பேசின அதே ஷீலா, உள்ளே போய் ஆணியிலிருந்து கூடையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். "எழுந்திருங்கண்ணா. அண்ணி கூடை ரெடியாத்தான் கீது. ஆனந்தா, வேன எட்றா."

வழி முழுக்க துர்கா ஷீலாவின் கையை நசுக்கிக்கொண்டே வந்தாள். பெரியாஸ்பத்திரியில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று ஷீலாவுக்கு என்ன தெரியும்? எல்லாம் அண்ணி பார்த்துக்கொள்வாள் என்றே இருபது வருஷம் ஓட்டியவள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிரசவ வார்டு வாசலில் திகைத்து நின்றபோது, எதிரே வந்த வயசான ஆயா ஒருத்தி கூடையைப் பார்த்தாள்.

"இது பூவாயி கூடையாச்சே! எங்க அவ? பொங்கலுக்கு அப்பால ஆளையே காணமே?"

"அண்ணி போய்ட்டாங்கம்மா. தை மாசம்."

ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். உடனே குரல் மாறியது. "சரி, அழுவறதுக்கு அப்பால நேரம் கீது. எத்தினி மாசம்? தண்ணி எப்ப ஒடஞ்சுது? இப்படி வா, என் பின்னாலயே வா." பூவாயி ஊர்ப் பொண்ணு என்ற சேதி ஆயாவிடமிருந்து நர்ஸுக்கும், நர்ஸிடமிருந்து வாட்ச்மேனுக்கும் போனது. சற்று நேரத்தில் வாட்ச்மேன் வெளியே வந்து, மரத்தடியில் நின்ற தேவாவைத் தேடிப் பிடித்தார். "நீதான் அந்தம்மா தம்பியா? மூளைக் காய்ச்சல்ல பொழச்ச புள்ள? ஒன் கதைய நூறு வாட்டி கேட்டுக்கீறேன்பா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். டீக்கடைக்காரர் கூப்பிட்டு இரண்டு டீ கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றார்.

அக்கா இங்கே ஊர்க்காரர்களுக்காகக் கிடந்து சீரழிகிறாள் என்றுதான் இத்தனை வருஷம் தேவா நினைத்திருந்தான். இங்கே அவள் ராணி மாதிரி இருந்திருக்கிறாள்! இந்தக் கட்டடத்தில் அவளைக் கண்டு முகம் திருப்பின ஆள் ஒருத்தர்கூட இல்லை. காலையில் அவள் வந்தாலே வார்டு வெளிச்சமாகும் என்றார் வாட்ச்மேன். காலையில்! தேவா டீயைக் குடிக்க முடியாமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் சின்னையனும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். தன் வலது முழங்காலைத் தடவித் தடவி விட்டுக்கொண்டார். தேவாவுக்கு அந்தக் காலின் கதை தெரியும். படகுப் பேச்சை எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஆனந்தன்கூட ஜாடை காட்டினான். தேவா தலையை ஆட்டி மறுத்துவிட்டான். பிள்ளை வலியில் கத்தும்போது தகப்பனிடம் போய்ப் பேரம் பேசுவதா? அக்கா யாரிடம் எதைக் கேட்டிருக்கிறாள்!

நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பயமில்லை என்று ஷீலா வந்து சொன்னாள். "நான் இங்கயே இருந்துக்கறேன். வெள்ளிக்கெழம பூசைக்கு வந்துட்டு மறுபடியும் வந்துடுவேன்" என்றாள். சின்னையன் கையெடுத்துக் கும்பிட்டார். படகைப் பற்றி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. பூமாலை, மஞ்சள், தேங்காய், எலுமிச்சை எல்லாம் படகின் முன்னால் இருந்தன. ஷீலா முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தாள். ஊர் ஆண்கள் வலைக் கொட்டகையை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் மணலைப் பார்த்தான், ஒருத்தன் போனைப் பார்த்தான். யாரும் முதல் அடி வைக்கவில்லை. தேவா கற்பூரம் ஏற்றினான். தேங்காய் உடைத்தான். படகின் வலப்பக்கம் அவன், இடப்பக்கம் ஆனந்தன். தோளைக் கொடுத்து முக்கினார்கள். படகு ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

அப்போதுதான் சின்னையன் கொட்டகைக்குப் பின்னாலிருந்து விந்தி விந்தி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே படகின் மூக்குக்குப் போய், ஒட்டியிருந்த பேப்பரைப் பிடித்துக் கிழித்தார். இந்தப் பக்கம் கிழித்தார், சுற்றிப் போய் அந்தப் பக்கமும் கிழித்தார். வெள்ளை எழுத்தில் பூவாயி வெயிலில் பளிச்சென்று நின்றாள். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, அந்த வளைந்த காலை ஊருக்கே காட்டினார்.

"இத எல்லாரும் பார்த்துக்கங்க. போட்டுக்கு அடில மாட்டி செதறிப்போன காலு. ஆஸ்பத்திரில இருபத்து மூணு நாளு. என் கூடப் பொறந்தவனுங்க ஆப்பிள் வாங்கியாந்து குடுத்துட்டு பஸ் ஏறிட்டானுங்க. எனக்கு பீ மூத்தரம் அள்ளிப் போட்டவ அவ. அவ பொழைக்க வெச்ச இந்தக் கால்லயே நடந்து போய் குந்திகினு, அவ பேரு ஆவாதுன்னு சொன்னேன் பாரு, என்னை எதால அடிக்கறது?" மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அவ மூஞ்சில முழிச்சா ஆவாதுன்னு கதவ சாத்தி வெச்சோம். அவ மூஞ்சிலதான்டா எங்க வூட்டுப் புள்ள முந்தாநாளு கண்ண முழிச்சிருக்கணும். குடுத்து வெக்கல. வாங்கடா. எவன் அவ கஞ்சி குடிச்சானோ அவன் வந்து கை வை. குடிக்காதவன் நில்லு."

நிற்க ஒருவனும் மிச்சமில்லை. கொட்டகை நிழல் காலியாகிவிட்டது. இருபது பேர் தள்ளுகிற படகுக்கு அறுபது எழுபது பேர். கை வைக்க இடமில்லாமல் முன்னால் இருப்பவன் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். பூச்சிமருந்து குடித்துப் பிழைத்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். "ஏலேலோ" என்று சின்னையன் எடுத்துக் கொடுக்க, "ஐலசா" என்று கரை அதிர்ந்தது. படகு மணலைக் கீறிக்கொண்டு இறங்கியது. படகின் மூக்கில் இருந்த பேர்தான் முதலில் அலைக்குள் போனது.

"பாருய்யா" என்று ஷீலா கண்ணைத் துடைக்காமலே கத்தினாள். "எங்க அண்ணி முன்னாடி போவுது. ஊரே பின்னாடி தள்ளுது!"

தேவா தாவி ஏறி மோட்டாரைப் பிடித்தான். முதல் அலை தூக்கிப் போட்டது, இரண்டாவது வழிவிட்டது. பழக்க தோஷம், திரும்பிச் சவுக்குத் தோப்பைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. சின்னப் பிள்ளையிலிருந்து பெரிய மனுஷன் வரை அத்தனை பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது ஊர் வழக்கம். சின்னையன் அதையும் மறந்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு கையையும் வாயில் குவித்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"யக்கா… போய்ட்டு வா!"

தேவா வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே அவள் சார்பில் கையைத் தூக்கி ஆட்டினான்.